எலி மறந்தது எதை?

ஆண்டுதோறும் தேர்வுக் காலத்தில் மதிப்பீட்டுக்காக என்னிடம் வந்து சேரும் எம்.ஃபார்ம் மருந்தியல் ஆய்வேடுகளில் ஒன்றாவது நினைவாற்றலைப் பற்றியதாக இருக்கும். மூலிகை மட்டும் மாறும்: ஓர் ஆண்டு வல்லாரை, அடுத்த ஆண்டு நீர்ப்பிரமி, அதற்கும் அடுத்து யாருடைய சொந்த ஊர் வேலியிலோ படர்ந்திருந்த ஏதோ ஒரு கொடி. ஆய்வின் அமைப்பு மாறுவதே இல்லை. சுண்டெலிகளுக்கு ஸ்கோபோலமைனை ஊசியில் ஏற்றி மறதியை உண்டாக்குவார்கள்; மூலிகைச் சாறு கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில் அந்த மறதி குறைந்திருப்பதைக் காட்டுவார்கள்; ஆகவே இம்மூலிகை நினைவாற்றலைப் பெருக்குகிறது என்று முடிப்பார்கள். அட்டவணைகள் ஒழுங்காக இருக்கும், புள்ளியியல் சரியாக இருக்கும், விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதமும் முன்பக்கங்களில் முறையாகக் கோக்கப்பட்டிருக்கும். குறை சொல்ல இடமில்லாததுபோலத் தோன்றும் இந்த ஆய்வேடுகளைப் படித்து முடிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சுண்டெலி மறந்தது எதை? மறந்தது என்று நாம் எதைக் கொண்டு சொல்கிறோம்?

நம் கல்லூரிகளில் இதற்குப் பெரும்பாலும் பயன்படுவது எலிவேட்டட் பிளஸ் மேஸ் என்னும் சாதனம். கூட்டல் குறி வடிவில் நான்கு கைகள். எதிரெதிரான இரண்டுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் வெறும் பலகைகள். முழு அமைப்பும் தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில் நிற்கும். திறந்த பலகையின் நுனியில், நடுப்பகுதிக்கு முதுகு காட்டியபடி சுண்டெலியை வைப்பார்கள். அது திரும்பி நடந்து, நான்கு கால்களும் சுவருள்ள கைக்குள் புகுவதற்கு எத்தனை நொடிகள் ஆகின்றன என்று நிறுத்துக் கடிகாரத்தில் பார்ப்பார்கள். 90 நொடிக்குள் போகாவிட்டால் மெல்லத் தள்ளிவிடுவார்கள். மறுநாள் அதே சுண்டெலி விரைவாக உள்ளே போய்விட்டால், பாதுகாப்பான இடம் எங்கே இருக்கிறது என்பது அதற்கு நினைவிருக்கிறது என்று பொருள் கொள்வார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்ற கணக்கில் ஸ்கோபோலமைன் செலுத்தப்பட்ட சுண்டெலி மறுநாளும் தாமதமாகவே போகும். ஆய்வேட்டில் 'நினைவு' என்று எழுதப்படுவது இந்த நொடிக்கணக்குதான்.

அந்த நொடிக்கணக்கிற்குள் நினைவைத் தவிர வேறு பலவும் ஒளிந்திருக்கின்றன என்பதை, மருந்து செலுத்தப்பட்ட சுண்டெலியைக் கூண்டருகே குனிந்து ஒருமுறை பார்த்தவர்கள் அறிவார்கள். ஸ்கோபோலமைன் ஏறிய விலங்கின் கண்பாவை விரிந்து, வெளிச்சத்தில் கூசும், வாய் வறளும், சும்மா இருக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், மூலையில் பதுங்க வேண்டிய நேரத்திலும் பலகையின் ஓரத்தில் மோப்பம் பிடித்துத் திரியும். வெட்டவெளியைக் கண்டு அஞ்சும் இயல்பை அளப்பதற்காகவே இச்சாதனம் முதலில் உருவானது என்பதால், அச்சம் குறைந்தாலும் பரபரப்பு கூடினாலும் அந்த நொடிக்கணக்கு மாறத்தான் செய்யும். ஸ்கோபோலமைனின் இன்னொரு வடிவமான மெத்தில் ஸ்கோபோலமைன் இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. வாயையும் கண்ணையும் தாக்கும், மூளையைத் தாக்காது. அதை ஒரு தனிக் குழுவுக்குக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தாலே இந்த ஐயத்தில் ஒரு பாதி தீர்ந்துவிடும். என் மேசைக்கு வந்த ஆய்வேடுகளில் அப்படி ஒரு குழுவைக் கண்டதாக எனக்கு நினைவில்லை.

விஷமும் முறிப்பும்

ஸ்கோபோலமைன் நமக்கு அந்நியமான பொருள் அன்று. குப்பைமேட்டிலும் ரயில் பாதை ஓரத்திலும் தானாக முளைத்து, வெள்ளையாகவோ ஊதாவாகவோ பூத்து, முள் காய் காய்க்கும் ஊமத்தையில் இருக்கும் வேதிப்பொருள்களில் ஒன்றுதான் அது. அட்ரோபினும் அதன் உடன்பிறப்பு. 19-ஆம் நூற்றாண்டில் பயணிகளுக்கு உணவில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்து மயக்கிக் கொள்ளையடித்த வழக்குகள் இந்திய மருத்துவச் சட்ட நூல்களில் விரிவாகப் பதிவாகியிருக்கின்றன. பிழைத்து எழுந்தவர்களால் என்ன நடந்தது என்று சொல்ல முடியாமல் போனது கொள்ளையர்களுக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நரம்பு முனைகளிலிருந்து வெளியாகும் அசிட்டைல்கோலின் சென்று அமர வேண்டிய மஸ்கரினிக் ஏற்பிகளில், அதாவது அதன் செய்தியைப் பெறும் புரதங்களில், ஸ்கோபோலமைன் முந்திக்கொண்டு அமர்ந்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது பைசோஸ்டிக்மின். இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவரைத் தின்னச் சொல்லி உண்மையைச் சோதித்த ஒரு நஞ்சுக் கொட்டையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியை அது தடுக்கும் என்பதால், வெளியான அசிட்டைல்கோலின் கூடுதல் நேரம் தங்கி வேலை செய்யும். 1864-இல் பிராக் நகரில் கிளைன்வெக்டர் என்னும் இளம் மருத்துவர், அட்ரோபினைக் குடித்துவிட்ட கைதிகளுக்கு இந்தக் கலபார்க் கொட்டையின் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார், விஷம் முறிந்தது. ஒன்றுக்கு ஒன்று முறிப்பு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆய்வேட்டை மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். தாவரச் சாறுகளில் பல, சோதனைக்குழாயில் கோலினெஸ்டரேஸைச் சிறிதளவாவது தடுக்கக்கூடியவை. மாணவர்களே அதே ஆய்வேட்டின் வேறோர் அத்தியாயத்தில் நொதியின் செயலை மஞ்சள் நிறத்தின் அடர்வைக் கொண்டு கணக்கிடும் எல்மன் முறையில் அளந்து அதைப் பெருமையோடு காட்டுவார்கள். அப்படியானால் ஸ்கோபோலமைனின் விளைவு குறைந்ததில் வியப்பு என்ன இருக்கிறது? அங்கே நடந்தது ஊமத்தை விஷத்துக்குக் கொடுக்கப்பட்ட முறிப்பு மருந்தின் வேலை. விஷம் குடிக்காத ஒருவருக்கு அந்த முறிப்பு மருந்து என்ன செய்யும் என்பது முற்றிலும் வேறு கேள்வி. வல்லாரை மாத்திரைப் பெட்டியின் மீது அச்சிடப்படும் வாக்குறுதியோ இந்த இரண்டாவது கேள்விக்கு உரியது. வல்லாரை பயனற்றது என்பது என் வாதம் அன்று. தோசை மாவில் அரைத்துப் போட்டு நானும் தின்று வளர்ந்தவள்தான். இந்தச் சோதனை அதைப் பற்றி எதையும் நிறுவவில்லை என்பதே என் வாதம்.

நிலக்கடலை எண்ணெயில் கரைத்த ஒரு கேள்வி

அசிட்டைல்கோலின் கூடினால் நினைவு கூடும், குறைந்தால் நினைவு குறையும் என்ற நேர்கோட்டுக் கணக்கு வகுப்பறையில் நடத்துவதற்கு வசதியானது. நானும் அதை நம்பித்தான் பல காலம் இருந்தேன். அந்தக் கணக்கின் மீது எனக்கிருந்த நம்பிக்கையை அசைத்தவை 1966-ஆம் ஆண்டின் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த இரண்டு சிறு கட்டுரைகள். ஜே. ஆண்டனி டாய்ச் என்னும் உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதியவை. அவற்றில் இருக்கும் சோதனை இவ்வளவு எளிமையானதாக இருந்தும், நம் பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படாததை என்னால் இன்றும் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஒய் வடிவப் பாதையொன்றில் எலிகள் ஓடக் கற்கின்றன. தரையில் லேசான மின்னதிர்ச்சி வரும். விளக்கு எரியும் பக்கம் திரும்பி ஓடினால் தப்பிக்கலாம். எல்லா எலிகளும் ஒரே அளவுக்குக் கற்றுத் தேறும்வரை பயிற்சி நடக்கிறது. அதன்பின் அவற்றின் மூளையில் நினைவுப் பதிவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதிக்குள் டி.எஃப்.பி. என்னும் கோலினெஸ்டரேஸ் தடுப்பியைச் செலுத்துகிறார்கள். நம் ஊரில் பூச்சிமருந்தாகப் பெயரெடுத்த ஆர்கனோபாஸ்பேட் குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் பொருளை நிலக்கடலை எண்ணெயில் கரைத்து, நுண்ணிய ஊசியால் மூளைக்குள் விடுகிறார்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் எண்ணெய் மட்டும். மருந்து ஒன்று, அளவு ஒன்று, செலுத்தும் இடமும் ஒன்று. மாறுவது ஒன்றே ஒன்றுதான்: பயிற்சி முடிந்து எவ்வளவு காலம் கழித்து ஊசி போடப்படுகிறது என்பது. சில எலிகளுக்கு அரை மணி நேரத்தில், சிலவற்றுக்கு 3 நாள் கழித்து, சிலவற்றுக்கு 5 நாள், சிலவற்றுக்கு 14 நாள். ஊசிக்கு மறுநாள் அவை பழைய பாதையில் மீண்டும் விடப்படுகின்றன.

மருந்து நினைவை அழிக்குமானால் எல்லாக் குழுக்களிலும் அழிக்க வேண்டும். புதிய நினைவு இளசு, பழைய நினைவு உறுதி என்னும் பொதுப்புத்தி சரியானால், முன்னதாக ஊசி போடப்பட்டவற்றுக்கு அதிகப் பாதிப்பும் பின்னதாகப் போடப்பட்டவற்றுக்குக் குறைந்த பாதிப்பும் இருக்க வேண்டும். நடந்தது அதுவன்று. 3 நாள் பழைய நினைவுக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஆகவில்லை. 5 நாளில் தடுமாற்றம் தெரிந்தது. 14 நாளில், நன்றாக ஊறி முதிர்ந்திருக்க வேண்டிய நினைவு, அடியோடு போய்விட்டது. அந்த எலிகள் ஒருபோதும் கற்காதவை போல முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இத்தோடு நின்றிருந்தால் விந்தையான ஒரு முடிவு என்று கடந்துவிடலாம். டாய்சும் அவருடைய கூட்டாளி லைபோவிட்சும் இன்னும் ஒரு படி போனார்கள். பயிற்சி முடிந்து 28 நாள் கழிந்த எலிகளை எடுத்துக்கொண்டார்கள். வெறும் எண்ணெய் பெற்ற எலிகள் அதற்குள் இயல்பாகவே பாடத்தை மறந்துபோயிருந்தன. அதே டி.எஃப்.பி., அதே அளவில், 28-ஆம் நாளில் செலுத்தப்பட்ட எலிகளோ விளக்கு எரியும் பக்கம் சரியாகத் திரும்பின. இரண்டு வாரத்தில் நினைவைப் பறித்த அந்த மருந்து நான்கு வாரத்தில் மறந்ததை மீட்டுக் கொடுத்துவிட்டது.

டாய்ச் இதற்குச் சொன்ன விளக்கம், கற்றபின் நரம்பிணைப்புகளின் வலு சில நாள்களுக்குக் கூடிக்கொண்டே போய், உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லக் குறைகிறது என்பது. வலு உச்சத்தில் இருக்கும்போது அசிட்டைல்கோலின் ஏற்கெனவே போதிய அளவில் இருக்கிறது. நொதியையும் தடுத்துவிட்டால் அது தேங்கி, எதிர் நரம்பணுவை மேலும் மேலும் தூண்டி, கடைசியில் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். வலு குறைந்துபோன காலத்திலோ அதே தேக்கம் குறையை ஈடுகட்டிவிடும். வாடிய பயிரை நிமிர்த்தும் தண்ணீர் நிறைந்த வயலில் வேரை அழுகவைப்பதில்லையா, அதுபோலத்தான். இந்த விளக்கத்துக்கு வலுச்சேர்த்தவை மேலும் இரண்டு. ஒன்று, மருந்தின் வேகம் தணிந்தபின் 'அழிந்த' நினைவு திரும்பி வந்தது. ஆகவே அழிவு என்று நாம் சொன்னது தற்காலிக அடைப்புதான். மற்றொன்று, ஸ்கோபோலமைனைக் கொண்டு செய்தபோது காலவரிசை ஏறக்குறையத் தலைகீழானது; வலுக்குறைந்த நினைவை அது தாக்கியது, வலுவான நினைவை அவ்வளவாகத் தொடவில்லை.

டாய்ச் வரைந்த அந்தக் கோட்டை, நாள்கணக்கு உட்பட, அப்படியே ஏற்றுக்கொள்பவள் அல்லள் நான். நினைவின் இருப்பிடத்தையே அசிட்டைல்கோலின் இணைப்புகளில் கண்டுபிடித்துவிட்டதாக அவர் 1971-இல் எழுதிய தொனி இன்றைக்கு மிகையாகத் தெரிகிறது. நினைவைச் சேமிக்கும் இணைப்புகளைப் பற்றிய பேச்சு அதன்பின் பெருமளவுக்குக் குளூட்டமேட் என்னும் வேறொரு நரம்புச் செய்திப்பொருளின் பக்கம் போய்விட்டது. ஆனால் அந்த எலிகள் செய்ததை யாராலும் செய்யாததாக ஆக்க முடியாது. ஒரு மருந்து நினைவுக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு, எந்த நினைவுக்கு, எத்தனையாம் நாளில், ஏற்கெனவே எந்த நிலையில் இருந்த விலங்குக்கு என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியாது என்பதை அவை காட்டிவிட்டன. பயிற்சிக்குச் சற்று முன்பு ஊசி, 24 மணி நேரத்தில் சோதனை என்று ஒரே ஒரு புள்ளியில் நின்று எடுக்கும் அட்டவணையை அதன்பின் என்னால் பழைய மாதிரிப் படிக்க முடிந்ததில்லை.

கிழட்டுக் குரங்குகளின் ஆளுக்கொரு அளவு

அளவைப் பற்றிய கதையும் இதே போக்கில்தான் போகிறது. 1970-களின் இறுதியில் ரேமண்ட் பார்டஸ் வயது முதிர்ந்த ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளே பின்னாளின் அல்சைமர் மருந்துகளுக்கு வழி போட்டவை. ஒன்பது கட்டங்கள் கொண்ட பலகையில் ஒரு கட்டம் ஒளிர்ந்து அணையும். சில நொடி காத்திருந்தபின் குரங்கு அதே கட்டத்தை அழுத்தினால் தின்பண்டம் கிடைக்கும். காத்திருப்பு நீள நீளக் கிழட்டுக் குரங்குகள் இளங்குரங்குகளைவிட மிக மோசமாகத் தவறின. இளங்குரங்குகளுக்கு ஸ்கோபோலமைன் கொடுத்தபோது அவையும் முதியவற்றைப் போலவே தடுமாறின. 1974-இல் டிராக்மனும் லெவிட்டும் இளம் மனிதர்களிடம் கண்டதும் இதையே. கிழட்டுக் குரங்குகளுக்குப் பைசோஸ்டிக்மின் கொடுத்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. சராசரி எடுத்துப் பார்த்தால் பலன் மங்கலாகவே தெரிந்தது. ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஓர் அளவு இருந்தது. அதற்குக் குறைந்தால் பயனில்லை, கூடினால் முன்பிருந்ததைவிட மோசம். ஒரு குரங்குக்குப் பொருந்திய அளவு பக்கத்துக் கூண்டுக் குரங்கைக் கெடுத்தது.

1976-இல் டேவிசும் மலோனியும் அல்சைமர் நோயாளிகளின் மூளைகளில் அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டியிருந்தார்கள். முன்மூளையின் அடியிலுள்ள மைனர்ட் கருவில் அசிட்டைல்கோலினைச் சுரக்கும் நரம்பணுக்கள் பெருமளவில் அழிந்திருப்பதை வைட்ஹவுசின் குழு 1982-இல் எழுதியது. அதே ஆண்டில் பார்டசும் சகாக்களும் முதுமை மறதியின் கோலினர்ஜிக் (அசிட்டைல்கோலின் சார்ந்த) கருதுகோளை முழு வடிவில் முன்வைத்தார்கள். 1993-இல் டாக்ரின், 1996-இல் டொனெபெசில் என்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற கோலினெஸ்டரேஸ் தடுப்பு மருந்துகள் அந்தச் சங்கிலியின் அடுத்த கண்ணிகள். இவ்வளவு தெளிவாக ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த கதை மருந்தியலில் அரிது என்பதாலேயே, அதன் நடுவில் இருந்த 'ஆளுக்கோர் அளவு' என்ற சங்கடமான முடிவை எல்லோரும் மெல்லக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தண்ணீரில் நீந்திய எலிகள்

இனி, மறந்தது எதை என்ற கேள்விக்கு வருகிறேன். 1981-இல் ரிச்சர்ட் மோரிஸ் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் வடிவமைத்த நீர்ச் சோதனையில், பால் கலந்து கலங்கலாக்கிய தண்ணீர்த் தொட்டிக்குள் எலியை விடுவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை இருக்கும். சுற்றியிருக்கும் அறையின் அடையாளங்களைக் கொண்டு மேடை இருக்கும் இடத்தை எலி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அட்ரோபினோ ஸ்கோபோலமைனோ பெற்ற எலிகள் இதில் படுமோசமாகத் தோற்றன. இடநினைவுக்கு அசிட்டைல்கோலின் இன்றியமையாதது என்று எழுதப்பட்டது. கனடாவில் இயன் விஷாவும், பிறகு டொனால்ட் கெய்னின் குழுவும் அந்த எலிகள் எப்படித் தோற்கின்றன என்பதை உற்றுப் பார்த்தார்கள். அவை தொட்டியின் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி நீந்தின. தற்செயலாக மேடையில் முட்டினாலும் அதன் மீதேறித் தாண்டி மறுபடியும் தண்ணீருக்குள் போயின. மேடை என்பது ஏறி நிற்க வேண்டிய இடம் என்பதே அவற்றுக்குப் பிடிபடவில்லை. மேடையை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் வைத்து, சுவரை விட்டு விலகி நீந்தவும் மேடையில் ஏறி நிற்கவும் மட்டும் மருந்தில்லாமல் முன்கூட்டியே பழக்கப்படுத்திய எலிகளுக்குப் பிறகு அதே மருந்தைக் கொடுத்தபோது, அவை மேடையின் இடத்தைப் பெரும்பாலும் நன்றாகவே கற்றுக்கொண்டன.

இதைவிடக் கூர்மையான அடி 1990-களில் விழுந்தது. மருந்துகள் மூளை முழுவதும் பரவும், பழைய அறுவை முறைகளோ அக்கம்பக்கத்து நரம்பணுக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். முன்மூளை அடிப்பகுதியின் கோலினர்ஜிக் நரம்பணுக்களை மட்டும் தேடிச் சென்று கொல்லும் 192 ஐஜிஜி-சாபோரின் என்னும் நச்சுச் சேர்மம் கிடைத்தபின், கருதுகோளை நேரடியாகச் சோதிக்க முடிந்தது. அந்த நரம்பணுக்களை இழந்த எலிகள் நீர்த் தொட்டியில் தத்தளிக்கும் என்றே எதிர்பார்த்திருப்பார்கள். 1995-இல் பாக்ஸ்டர், கல்லகர் ஆகியோரின் குழு வெளியிட்ட முடிவில், அவை மற்ற எலிகளைப் போலவே மேடையைக் கண்டுபிடித்தன. அவை தோற்ற இடம் வேறு. மார்ட்டின் சார்டரின் ஆய்வகத்தில் எலி ஒரு விளக்கைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அது 25, 50 அல்லது 500 மில்லிநொடி மட்டும் மின்னும், சில சமயம் மின்னாது. மின்னியதற்கு ஒரு நெம்புகோல், மின்னாததற்கு மற்றொன்று. சாபோரின் பெற்ற எலிகள், மின்னாதபோது மின்னவில்லை என்று சரியாகவே சொல்லின. மின்னியதைத்தான் தவறவிட்டன, அந்தக் குறை மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் தீரவில்லை.

அப்படியானால் அசிட்டைல்கோலினுக்கும் நினைவுக்கும் தொடர்பே இல்லை, எல்லாம் கவனம்தான் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். பயிற்சி முழுவதும் முடிந்தபின், அதாவது கவனிக்க வேண்டியதெல்லாம் கவனித்தாகிவிட்ட பிறகு, அசிட்டைல்கோலினின் செயலைக் கூட்டும் மருந்துகளைக் கொடுத்து மறுநாள் நினைவை வலுப்படுத்திக் காட்டிய சோதனைகள் ஜேம்ஸ் மெக்காவின் ஆய்வகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் ஏராளமாக வந்திருக்கின்றன. கற்றபின் செலுத்தும் மருந்து கண்ணையோ காலையோ கவனத்தையோ பாதித்ததால்தான் எலி நன்றாகக் கற்றது என்று சொல்ல வழியில்லை. இந்த முறை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கையில் இருந்தும், ஊசியைப் பயிற்சிக்கு முன்பே போட்டுப் பழகிய நம் ஆய்வகங்கள் அதை ஏன் எடுத்தாள்வதில்லை என்பது எனக்கு ஓர் ஆற்றாமை. கூடுதலாகத் தேவைப்படுவது ஆறு சுண்டெலிகளும் ஒரு பிற்பகலும்தான்.

குறைவாக இருக்க வேண்டிய நேரம்

டாய்ச் தொட்டுக் காட்டிய காலப் பிரச்சினைக்கு இன்னொரு வடிவில் விடை சொன்னவர் நரம்பியல் ஆய்வாளர் மைக்கேல் ஹாசல்மோ. விழித்து உலவும் விலங்கின் ஹிப்போகாம்பஸில் அசிட்டைல்கோலின் மிகுந்திருக்கிறது. அது வெளியிலிருந்து வரும் செய்திக்கு வழிவிட்டு, உள்ளே ஏற்கெனவே பதிந்தவை குறுக்கே பேசாதபடி அடக்கி வைக்கிறது. ஆழ்ந்த மெதுஅலை உறக்கத்தில் அதன் அளவு விழிப்பு நேரத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். அடக்குமுறை தளர்ந்த அந்த நேரத்தில்தான் ஹிப்போகாம்பஸ் பகலில் பதிந்ததை மூளையின் மேற்புறணிக்குத் திருப்பி ஓதுகிறது என்பது அவருடைய கருத்து. 2004-இல் கெய்ஸும் போர்னும் இதை மனிதர்களிடம் சோதித்தார்கள். சொல் இணைகளை மனப்பாடம் செய்துவிட்டு உறங்கியவர்களுக்கு, ஆழ்ந்த உறக்கத்தின்போது பைசோஸ்டிக்மினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். நினைவு மாத்திரைகளின் தாத்தா என்று சொல்லத்தக்க அந்த மருந்து, உறக்கம் சொல் நினைவுக்குத் தந்திருக்க வேண்டிய ஆதாயத்தைத் தடுத்துவிட்டது. அதே இரவில் கைப்பழக்கம் சார்ந்த கற்றலுக்கு எந்தக் கேடும் வரவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு மருந்துச் சீட்டுகளைப் பார்க்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. உறவில் ஒரு பெரியவருக்கு டொனெபெசில் எழுதப்பட்டிருந்தது. சிறுநீர் அடங்காத தொல்லைக்கு வேறொரு மருத்துவர் எழுதிய ஆக்சிபியூடினினும் அதே டப்பாவில் இருந்தது. ஒன்று அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்கு, மற்றொன்று அதன் ஏற்பியை அடைப்பதற்கு. அதுவும் மூளைக்குள் எளிதில் நுழையக்கூடிய வகை. சிறுநீர்த் தொல்லையே டொனெபெசிலால் கூடியிருக்க வாய்ப்புண்டு என்பது இதில் இன்னொரு வேடிக்கை. முதியவர்களுக்கு இப்படி ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு மறுமருந்து எழுதப்படுவது மருத்துவ இதழ்களில் பலமுறை எச்சரிக்கப்பட்ட ஒன்றுதான். கேட்டதும் மருத்துவர் ஆக்சிபியூடினினை நிறுத்தி, அசிட்டைல்கோலினைத் தொடாத மிராபெக்ரானுக்கு மாற்றினார். சில வாரங்களில், "கூப்பிட்டா இப்பத் திரும்பிப் பாக்குறாரும்மா, பேப்பரைக் கேட்டு வாங்குறாரு" என்று அவர் மனைவி சொன்னார். பேரன்களின் பெயர்கள் திரும்பவில்லை. சார்டரின் விளக்கு மின்னும் பெட்டியை அறிந்த எவருக்கும் இந்த இரண்டும் ஒன்றாக நிகழ்ந்ததில் முரண் தெரியாது.

எனக்கு இன்னும் தீராமல் இருப்பது இரவைப் பற்றிய கணக்கு. டொனெபெசிலை உறங்கப் போகும்முன் கொடுப்பதே வழக்கம். தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றுவார்கள். ஆனால் உடலில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 70 மணி நேரம் ஆகும் என்பதால், காலையில் கொடுத்தாலும் இரவில் கொடுத்தாலும் நொதி நாள் முழுவதும் தடுக்கப்பட்டேதான் இருக்கும். ஹாசல்மோ சொல்லும் அந்தத் தாழ்ந்த வேளை முழுமையாகத் தாழ இடமில்லை. பகலில் கவனத்தைக் கூட்டி இரவில் பதிவைக் குறைக்கும் மருந்து ஒன்று நிகரத்தில் என்ன தருகிறது என்பதை, பகலில் மட்டும் வேலை செய்து மாலைக்குள் வடிந்துவிடும் தடுப்பியையும் டொனெபெசிலையும் முதிர்ந்த எலிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கற்று 1 நாள், 14 நாள், 28 நாள் கழித்துச் சோதித்தால் ஓரளவுக்காவது அறியலாம். ஸ்கோபோலமைன் ஊசியே தேவைப்படாத ஆய்வு அது. அடுத்த ஆண்டு தலைப்பு கேட்டு வரும் மாணவர்களில் யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று பார்க்க வேண்டும்.